கிங்காங்கின் கூட்டாளி யார்?

சென்ற இதழில் மல்யுத்த வீரர் தாரா சிங்கைப் பற்றிக் கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு நான்கே வரிகளில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அது போதவில்லை என்று சேலத்திலிருந்தும் மலை மேலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இம்முறை ஒருசேர எடுத்துக்கொள்கிறேன். வேறு பொருள்களைப் பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தந்தையார், கிங்காங்கின் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் மல்யுத்தத்தைப் பற்றிப் பேசியதில்லை. கல்லூரியில் படிக்கும் என் பேரன், அந்தக் கிங்காங் ஜப்பானுக்குப் போய் ஓர் இந்தியரோடு ஜோடி சேர்ந்து ஆசியப் பட்டம் வென்றவர் என்கிறான். அந்த இந்தியர் தாரா சிங்தானா? அந்தப் பட்டத்தின் கதை என்ன? (நாகலூர், ஏற்காடு, வாசகர் ஒருவர்)

பதில்: பேரன் சொல்வது சரி. கூட்டாளி மட்டும் தாரா சிங் அல்லர். டைகர் ஜோகிந்தர் சிங் என்ற மற்றொரு சீக்கிய மல்லர். 1955 நவம்பரில் டோக்கியோவில் நடந்த தொடரின் இறுதிப் போட்டியில், ரிக்கிடோசானும் ஹெரால்டு சகாட்டாவும் சேர்ந்த ஜோடியைத் தோற்கடித்து, அனைத்து ஆசிய இரட்டையர் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர்கள் கிங்காங்கும் ஜோகிந்தரும்தான். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தில் இன்றும் வழங்கிவரும் பட்டங்களுள் இதுவே மிகப் பழையது. அப்படிப்பட்ட பட்டத்தின் வெற்றியாளர் பட்டியலில் முதல் வரியில் ஜப்பானியர் பெயரே இல்லை.

இதைவிட வேடிக்கை, அன்று களத்தில் நின்ற நால்வரில் ஒருவர்கூட ஜப்பானில் பிறந்தவர் அல்லர் என்பதுதான். கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரிய வம்சாவளியினர், சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டு, அங்கிருந்த கேளிக்கைப் பூங்காக்களின் அரங்குகளிலும் மலாயா நகரங்களிலும் இந்தியாவிலும் மோதிப் பெயர் பெற்றவர். 1970-இல் கார் விபத்தில் சிக்கி அதன் விளைவாகவே இறந்துபோனார். சகாட்டா ஹவாய்த் தீவில் பிறந்த அமெரிக்கர். 1948 லண்டன் ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் அமெரிக்காவுக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றவர். இவரைப் பலர் வேறொரு வகையில் அறிந்திருப்பீர்கள்: 1964-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில், விளிம்பில் இரும்பு வைத்த தொப்பியை வீசிச் சிலையின் தலையைத் துண்டிக்கும் அந்தப் பேசா அடியாள் இவர்தான். ஜப்பான் முழுவதும் தன் மண்ணின் மைந்தனாகக் கொண்டாடிய ரிக்கிடோசானோ கொரியாவில் பிறந்தவர். சுமோ மல்லராக இருந்து அந்தக் களத்தை விட்டு வந்த அவருடைய பிறப்பு, அவர் உயிரோடிருந்த காலத்தில் பொதுமக்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

ரிக்கிடோசானை விட்டுவிட்டு இந்தப் பட்டத்தின் கதையைச் சொல்ல இயலாது. அவர் 1953-இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் அந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியிருந்தது. வீட்டில் பெட்டி வாங்கி வைக்க வசதி இல்லாத காலம் ஆகையால், தெருமுனைகளிலும் ரயில் நிலைய முகப்புகளிலும் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. 1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமாயே அரங்கில், கனடாவைச் சேர்ந்த பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்ற நெடிய சகோதரர்களை, ரிக்கிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் ஜோடியாக எதிர்கொண்டனர். அந்தப் போட்டியைப் பார்க்கத் தெருப் பெட்டிகளின் முன் கூடிய கூட்டம் ஜப்பானியத் தொலைக்காட்சியின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது. போரில் தோற்று ஒன்பது ஆண்டுகூட நிறையாத நாட்டில், இரண்டு வெள்ளைக்கார மல்லர்கள் கராத்தே பாணிக் கைவெட்டு வாங்கித் தடுமாறுவதைக் கண்ட மக்களின் மனநிலையை நான் விளக்கத் தேவையில்லை. ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தம் வேரூன்றியதே ஓர் இரட்டையர் போட்டியால்தான் என்பதை நினைவில் வையுங்கள். மறு ஆண்டே ஆசியப் பட்டத்தில் இரட்டையருக்கென்று ஒன்று வகுக்கப்பட்டதற்கு இது முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

அந்த 1955 நவம்பரில் இரட்டையர் பட்டம் கிங்காங் ஜோடிக்குப் போன அதே மாதத்தில், ஒற்றையர் ஆசியப் பட்டத்தைக் கிங்காங்கை வீழ்த்தி ரிக்கிடோசான் பெற்றுக்கொண்டார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் இந்தக் கணக்கில் ஓர் ஏற்பாட்டாளரின் மூளை தெரிகிறது. வெளியூர் மல்லர்களை முதலில் வெல்லவிட்டால்தான் பிறகு அவர்களை வீழ்த்துவதைப் பார்க்க மக்கள் சீட்டு வாங்குவார்கள்.

சில ஆண்டுகள் பேச்சற்றுக் கிடந்த இரட்டையர் பட்டம் 1960-ஐ ஒட்டி மீண்டும் உயிர் பெற்று, ரிக்கிடோசானிடமும் அவரைப் போலவே சுமோவிலிருந்து வந்த டொயோனோபோரியிடமும் பலமுறை இருந்தது. 1963 டிசம்பர் 8 இரவு, டோக்கியோ இரவு விடுதி ஒன்றில் ரிக்கிடோசானின் வயிற்றில் கத்திக்குத்து விழுந்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார். பட்டத்தில் பாதியை வைத்திருந்தவர் மாண்டதால் மீதிப் பாதி செல்லாமல் போயிற்று. 1964-இல் டொயோனோபோரி, பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து மல்யுத்தத்துக்கு வந்த ஜயண்ட் பாபாவைக் கூட்டாளியாகக் கொண்டு அதை மீண்டும் பெற்றார். 209 சென்டிமீட்டர் உயரமான பாபா மேல் கயிற்றைத் தாண்டி உள்ளே வருவதைப் பார்த்தால், அந்தக் கயிறு வாசற்படி போலத் தோன்றும்.

அடுத்த பத்தாண்டு நிகழ்ச்சிகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாபாவும் சங்கத்தின் மற்றொரு நட்சத்திர மல்லரான அன்டோனியோ இனோக்கியும் வெவ்வேறு கூட்டாளிகளோடு இந்தப் பட்டத்தை வைத்திருந்தனர். 1971 இறுதியில் சங்கத்திலிருந்து இனோக்கி நீக்கப்பட்டார்; மறு ஆண்டு இருவரும் தனித்தனியே சொந்த நிறுவனம் தொடங்கினர்; நட்சத்திரங்கள் இருவரையும் இழந்த பழைய சங்கம் 1973-இல் கடையை மூடியது. ஆசியப் பட்டமும் அதனோடு உறங்கி, 1976-இல் பாபாவின் அகில ஜப்பான் நிறுவனத்தில் விழித்தது.

கேள்வி: பள்ளி நாள்களில் நாங்கள் விளையாடிய மல்யுத்த அட்டைகளைப் பற்றி நினைக்கும்போது டைகர் ஜீத் சிங் என்ற பெயர் ஞாபகத்துக்கு வருகிறது. முந்தைய இதழ் ஒன்றில் நீங்கள் குறிப்பிட்ட டைகர் ஜோகிந்தர் சிங் அவர்தானா? (ஐந்து ரோடு, சேலம், வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை. ஜோகிந்தர் கிங்காங்கின் தலைமுறை. ஜீத் சிங் பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறி, 1970-களில் ஜப்பானில் இனோக்கியின் எதிரியாகப் பெயர் பெற்றவர். இருவருக்கும் பொதுவானவை தலைப்பாகையும் புலி அடைமொழியும். உயரம், எடை, மார்பளவு, மோதியவை, வென்றவை என்று அந்த அட்டைகளில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. கூட்டாளி யார் என்பதற்கு ஒரு கட்டம் இருந்ததாக எனக்கும் நினைவில்லை.

கேள்வி: வெற்றி தோல்வி முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகிற ஒன்றுக்கு வரலாறு என்று ஏன் பெயர் சூட்டுகிறீர்கள்? அத்துடன், ஒரு வட்டாரத்துக்கு ஒரு பட்டம் என்றால் அதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? (அம்மாபேட்டை, கல்லூரி மாணவி)

பதில்: முடிவு முன்பே பேசப்பட்டது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் விடிவதற்குள் விழப்போகிறான் என்பது பாயைச் சுருட்டிக்கொண்டு வரும் பாட்டிக்கும் தெரியும். எனினும் அன்று வேடம் கட்டியவர் யார், எந்த ஊரார் அழைத்தார்கள், எவ்வளவு வசூலாயிற்று, குழு ஏன் இரண்டாகப் பிரிந்தது என்பவையெல்லாம் நடந்த செய்திகளே. மல்யுத்தப் பட்டத்தின் வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும். யார் பலசாலி என்பதற்கு அந்தப் பட்டியல் சான்றாகாது. எந்த ஆண்டில் எந்த ஊரில் யாரை நம்பி முதலாளி பணம் போட்டார் என்பதற்குச் சான்றாகும்.

வட்டாரம் பற்றிய கேள்விக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. திரைப்பட வினியோகத்தில் 'சேலம் ஏரியா' என்று ஒன்று உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை அதில் அடங்கும். கோயம்புத்தூர் ஏரியாவை வாங்கியவர் இங்கே படப்பெட்டியை இறக்க இயலாது. அமெரிக்க மல்யுத்தமும் ஏறக்குறைய அதே முறையில்தான் நடந்தது. 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில ஏற்பாட்டாளர்கள் கூடித் தேசிய மல்யுத்தக் கூட்டணி என்ற அமைப்பை உருவாக்கினர். ஒருவர் ஏரியாவில் மற்றவர் கால் வைப்பதில்லை. மீறித் தனியாக நடத்த முனைபவருக்கு மல்லர்கள் கிடைக்காமல் செய்வது என்பதே அதன் சாரம். இது ஏகபோகம் என்று அமெரிக்க நீதித்துறை வழக்கெடுத்து, 1956-இல் அந்தப் போக்கைக் கைவிடுவதாக அந்தக் கூட்டணியைக் கையெழுத்துப் போட வைத்தது. அதற்குப் பின்னும் ஏரியாக்கள் பல ஆண்டுகள் நீடித்தன.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒற்றையர் உலகப் பட்டத்துக்கு ஒரே ஒருவரைத்தான் கூட்டணி ஏற்றது. அவர் ஆண்டு முழுவதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரியா ஏரியாவாகச் சுற்றி, அந்தந்த ஊர் நாயகனோடு மோதிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். இரட்டையர் பட்டத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விரும்பிய ஏரியா ஒவ்வொன்றும் தனக்கென ஓர் 'உலக' இரட்டையர் பட்டத்தை வைத்துக்கொண்டது. 1950-களில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் அதே பெயருள்ள பட்டத்தை வெவ்வேறு ஊர்களில் அணிந்துகொண்டு திரிந்தன. டோக்கியோவில் உலகச் சாம்பியன்களாக வந்திறங்கிய ஷார்ப் சகோதரர்களின் பட்டம் சான் பிரான்சிஸ்கோ ஏரியாவுடையது. அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் வாரந்தோறும் காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதுதான் உலகம். இரண்டு பேருக்குப் பயணச்செலவும் தங்குமிடமும் கூலியும் கொடுத்து நாடு முழுவதும் அனுப்புவதைவிட, உள்ளூரிலேயே ஒரு ஜோடியை வளர்ப்பது மலிவு என்பதும் முதலாளிகள் கணக்கில் இருந்திருக்கும்.

ஆகவே பட்டியலைப் படிக்கும்போது வென்றவர் பெயரைக் காட்டிலும், 'காலியானது' என்று போட்டிருக்கும் இடங்களில் சற்று நின்று பாருங்கள். ஒருவர் காயம்பட்டிருப்பார், ஒருவர் கூலித் தகராறில் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், ரிக்கிடோசானைப் போல ஒருவர் இறந்திருப்பார். பேசி முடித்தவற்றுக்கு நடுவே பேசி முடிக்க இயலாதவை தலைகாட்டும் இடங்கள் அவை.

கேள்வி: கூட்டாளி ஏன் மூலையில் ஒரு சிறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? நால்வரும் ஒரே நேரத்தில் மோதினால் என்ன? (ஆத்தூர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

பதில்: நால்வரையும் ஒரே நேரத்தில் மோதவிட்டும் பார்த்திருக்கிறார்கள், தம்பி. 1936-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நடந்த அத்தகைய போட்டி ஒன்றை மல்யுத்த வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவதுண்டு. அதில் ஒரு பக்கத்து ஜோடி டைகர் தௌலா, ஃபசல் முகமது என்ற பெயர்களில் மோதியது என்பது நமக்குக் கூடுதல் செய்தி. ஆனால், நால்வர் ஒரே நேரத்தில் புரண்டால் பார்ப்பவருக்கு யாரைக் கவனிப்பது என்று தெரியாது. சந்தையில் நடக்கும் சண்டை போலாகிவிடும்.

எனவேதான் களத்தில் பக்கத்துக்கு ஒருவர், வெளியே பக்கத்துக்கு ஒருவர் என்ற முறை நிலைத்தது. மூலைக் கம்பத்தில் முழ நீளக் கயிறு ஒன்று கட்டியிருக்கும். வெளியே நிற்பவர் அதை ஒரு கையால் பிடித்தபடியே மறு கையை நீட்ட வேண்டும்; உள்ளே இருப்பவர் அந்தக் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம்; தொட்டுவிட்டு வெளியேறுபவருக்கு நடுவர் ஐந்து எண்ணும்வரை அவகாசம் உண்டு. கயிறு முழ நீளமே இருப்பதால் மூலையிலிருந்து நகர வழியில்லை. இந்தச் சிறு கயிற்றில்தான் இரட்டையர் மல்யுத்தத்தின் முழு உணர்ச்சியும் தொங்குகிறது என்று சொல்வேன். அடிபட்டவர் தன் மூலையை நோக்கி ஊர்ந்து வருவார். விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது எதிரி காலைப் பிடித்து இழுத்துவிடுவான். ஒருவழியாகத் தொட்டுவிட்டால், அந்த நேரம் பார்த்து நடுவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார், செல்லாது என்பார். இவ்வளவையும் தாங்கிய பிறகு கை உண்மையாகவே தொடப்படும்போது எழும் கூச்சலுக்காகத்தான் முதல் இருபது நிமிடமும் செலவிடப்படுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, மேலே சொன்ன அதே ஆசியப் பட்டத்திலேயே இருக்கிறது. 1992 மே 25 அன்று சென்டாய் நகரில், டான் குரோஃபட், டக் ஃபர்னஸ் என்ற வட அமெரிக்க ஜோடியிடமிருந்து அந்தப் பட்டத்தை கென்டா கோபாஷியும் சுயோஷி கிக்குச்சியும் வென்றனர். ஃபர்னஸ் வலுதூக்கும் போட்டிகளில் (பவர்லிஃப்டிங்) சாதனைகள் படைத்துவிட்டு வந்தவர், குரோஃபட் கனடாக்காரர், அந்த ஜோடி இந்தப் பட்டத்தை மொத்தம் ஐந்து முறை வைத்திருந்தது. கிக்குச்சியோ உருவத்தில் சிறியவர். ஆனால் சென்டாய் அவருடைய சொந்த ஊர். போட்டியின் பெரும்பகுதியில் அவரைத் தலைக்கு மேல் தூக்குவதும் தரையில் அறைவதும் கயிற்றில் மாட்டி மிதிப்பதுமாகவே இருக்கிறார்கள். அரங்கம் பெயரைச் சொல்லிக் கத்தும்போதெல்லாம், எழ முடியாதவர் போலக் கிடந்தவர் முழங்காலை ஊன்றுகிறார். மூலையில் கோபாஷி கயிற்றை விடாமல் உடலையே வளைத்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் அந்தப் பதிவை மூன்று முறை பார்த்தேன். முடிவு தெரிந்த பின்னரும் என் கை தானாக நாற்காலியின் பிடியிலிருந்து எழுந்தது. உன் வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு நீயும் பார். ஆனால் தம்பியின் மேலோ நண்பர்களின் மேலோ செய்து பார்க்காதே. விழுவதற்கே பல மாதங்கள் பயில்கிறார்கள்.

கேள்வி: பரம்பரையாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறோம். மல்லர்கள் தோளில் போட்டுக்கொண்டு வரும் அந்தப் பெல்ட் தங்கமா? எத்தனை பவுன் இருக்கும்? (செவ்வாய்ப்பேட்டை, சேலம், வாசகர் ஒருவர்)

பதில்: தங்கமாக இருந்தால் கயிற்றுக்கு வெளியே அதைக் காவல் காப்பதற்கென்றே நான்கு பயில்வான்கள் வேண்டியிருக்கும். வழக்கமான வேலைப்பாடு இதுதான்: துத்தநாகம் அல்லது பித்தளைத் தகட்டின் மேல் படத்தையும் எழுத்தையும் பதித்து, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரித்தெடுப்பார்கள். மேடு பள்ளம் தெளிந்த பிறகு தங்க முலாமோ நிக்கல் முலாமோ பூசி, பள்ளத்தில் வண்ணம் இட்டு, தடித்த தோல் வாரில் திருகாணியால் பொருத்துவார்கள். இந்தத் தொழிலில் பெரும்பெயர் பெற்ற ரெஜி பார்க்ஸ் என்பவர் முன்னாள் மல்லர், கனடாவில் பிறந்தவர், 2021-இல் மறைந்தார். தாங்கள் கொலுசுக்கு மெருகு போடும்போது காணும் பளபளப்பைத்தான் அவரும் தேடியிருப்பார்; என்ன, அவருடைய சரக்கு நாற்காலியால் அடிபட்டாலும் தாங்க வேண்டும். இரட்டையர் பட்டம் என்றால் ஒன்றுபோல இரண்டு செய்தாக வேண்டும். இரண்டாவதின் கூலியில் முதலாளிகள் பேரம் பேசினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். பட்டறைக்காரரான தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆசிய இரட்டையர் பட்டம் இப்போதும் மதிக்கப்படுகிறதா? (கன்னங்குறிச்சி, வாசகி ஒருவர்)

பதில்: முதலிடம் போய்விட்டது. 1988-இல் பாபாவின் அகில ஜப்பான் நிறுவனம் தன்னிடம் இருந்த வேறு இரண்டு இரட்டையர் பட்டங்களை இணைத்து உலக இரட்டையர் பட்டம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டது; ஆசியப் பட்டம் அதற்கு அடுத்த இரண்டாம் படியில் நின்றது. வளரும் இளைஞர்களுக்கும், பெரிய இடத்துக்குப் போக வாய்ப்பில்லாத உழைப்பாளிகளுக்கும் உரியதாயிற்று. என்னைக் கேட்டால் அதனால் அதற்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. சென்டாய்ப் போட்டி நடந்ததே இறங்கிய பிறகுதான்.

பட்டம் 1976-இல் மீண்டும் வந்தபின், கிரேட் கொஜிக்கா என்பவரும் மொத்தோஷி ஒகுமா என்பவரும் முரட்டு ஜோடியாக அதைப் பலமுறை வைத்திருந்தனர். கொஜிக்கா பின்னர் அந்த நிறுவனத்திலிருந்து விலகி, 1990-களில் பிக் ஜப்பான் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 2011-இல் அந்தச் சிறு நிறுவனத்திலிருந்து டைசுகே செகிமோட்டோ, யூஜி ஒகாபயாஷி என்ற இரண்டு பேர் பெரிய நிறுவனத்தின் களத்துக்குப் போய், தங்கள் முதலாளி ஒரு காலத்தில் இடுப்பில் கட்டியிருந்த அதே பட்டத்தை வென்றுகொண்டு ஊர் திரும்பினார்கள்.